காய்ச்சல் விட்ட ஞாயிற்றுக்கிழமை: கொழும்பு வடக்கில் ஒரு சபையும் 2017 டெங்குவும்

இதில் வருகிறவர்களின் பெயரையோ சபையின் பெயரையோ நான் எழுதவில்லை. அந்தப் பெண்ணும் போதகரும் வாசித்துச் சரி என்று சொன்ன பிறகே வெளியிடுகிறேன். நான் ஓய்வுபெற்ற தாதி, கத்தோலிக்கப் பெண். அந்தச் சபையின் உறுப்பினர் அல்ல. அதே தெருவில் குடியிருப்பவள் என்ற முறையில்தான் இதற்குள் வந்தேன்.

பின்னணி

இலங்கையில் டெங்கு மிக மோசமாகப் பரவிய ஆண்டு 2017. அந்த ஓராண்டில் 186,000-க்கும் மேற்பட்டவர்கள் நோயாளர்களாகப் பதிவானார்கள். 400-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். மாவட்டங்களில் கொழும்புக்குத்தான் முதலிடம். ஏப்ரல் 14 அன்று மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 30-க்கும் மேற்பட்டோர் பலியான பிறகு, நகரத்துக் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்ட இடமில்லாமல் தெருமுனைகளில் தேங்கிக் கிடந்தது. மே கடைசியில் பெருமழை. போதாததற்கு, டெங்கு வைரசின் நான்கு வகைகளில் பல ஆண்டுகளாக இங்கே அதிகம் தலைகாட்டாத இரண்டாம் வகை அந்த முறை பரவியது. அதற்கு எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் ஏராளம்.

கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, முகத்துவாரம் பக்கம் தெரிந்தவர்களுக்கு அந்த ஜூன், ஜூலை மாதங்களை விவரிக்கத் தேவையில்லை. அரச வைத்தியசாலைகளில் ஒரு கட்டிலில் இரண்டு பேர். அதுவும் கிடைக்காதவர்களுக்குத் தரையில் பாய். ஜூன் 13 கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாவுக்கு வந்த சனத்தில் பாதிப் பேர் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்று மெழுகுதிரி ஏற்றியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

சபை சிறியது. தோட்டம் என்று நாங்கள் சொல்லும் நெருக்கமான குடியிருப்பு ஒன்றின் முனையில், தகரக் கூரை போட்ட மண்டபம். அறுபது எழுபது பேர் வருவார்கள். புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்கிறவர்கள், ஓட்டோ ஓட்டுகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். மலையகத்திலிருந்து இறங்கி வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் அதிகம். போதகருக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். முன்பு துறைமுகத்தில் வேலை பார்த்தவர்.

நோய் வந்தால் அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சபையின் மூத்த பொறுப்பாளர்களான மூப்பர்கள் வீட்டுக்கு வந்து எண்ணெய் பூசி ஜெபிப்பார்கள். யாக்கோபின் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. நோய் கடுமையானால் சபையாக மூன்று நாள் உபவாச ஜெபம். சுகமானவர் ஞாயிறு ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்வார். ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது என்று யாரும் பிரசங்கித்ததில்லை. நான் விசாரித்தவரையில் போதகரின் இரண்டு பிள்ளைகளுக்கும் எல்லாத் தடுப்பூசியும் ஒழுங்காகப் போட்டிருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். ‘மருந்தை வெறுக்கும் சபை’ என்று முடிவுகட்டிக்கொண்டு வாசித்தால் நடந்தது புரியாது.

புதன் முதல் சனி வரை

அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது. இரண்டு பிள்ளைகள். கணவர் மத்திய கிழக்கில். ஜூன் கடைசியில் ஒரு புதன்கிழமை மாலை கடையிலிருந்து வந்ததுமே குளிர் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, இடுப்பு முறிந்துபோவதுபோல உளைச்சல். வியாழன் காலை ஃபார்மசிக்கு மகனை அனுப்பினார். கடைப் பையன் பனடோல் (பரசிட்டமோல்) ஒரு அட்டையும், ‘உடம்பு வலிக்கு’ என்று டைக்ளோஃபெனாக் ஒரு அட்டையும் கொடுத்துவிட்டான்.

வியாழன் மாலை பாஸ்டரம்மா வந்து பார்த்தார். சபையில் அப்போது நான்கு வீடுகளில் காய்ச்சல். எல்லாருக்குமாக மூன்று நாள் உபவாசம் அறிவித்திருந்தார்கள். இந்தப் பெண்ணும் அதில் சேர்ந்துகொண்டார். யாரும் வற்புறுத்தவில்லை. ‘எனக்காகப் பட்டினி கிடக்கிறாங்க, நான் மட்டும் எப்படிச் சாப்பிடுறது’ என்று தோன்றியதாம். பகல் முழுக்க ஓரிரு மிடறு தண்ணீர், இரவு கொஞ்சம் கஞ்சி. மாத்திரையும் எடுக்கவில்லை.

சனிக்கிழமை மாலை மூப்பர்கள் வந்து எண்ணெய் பூசி நெடுநேரம் ஜெபித்தார்கள். அன்று இரவு பத்துப் பதினொரு மணிக்கு உடம்பு வியர்த்துக் காய்ச்சல் விட்டது. அவரும் பிள்ளைகளும் அழுதுகொண்டே ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

டெங்குவைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த இடத்தில்தான் வயிற்றைக் கலக்கும். மற்றப் பல காய்ச்சல்களில் சூடு இறங்கினால் ஆள் தேறுகிறார் என்று அர்த்தம். டெங்குவில் காய்ச்சல் விடுகிற அந்த வேளையில்தான், பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசியத் தொடங்கும். 24 முதல் 48 மணி நேரம் அது நீடிக்கும். இரத்தம் கெட்டியாகும், அழுத்தம் விழும், வயிற்றிலும் நெஞ்சிலும் நீர் கட்டும். ஆள் தெளிவாகப் பேசிக்கொண்டே இருப்பார். அந்த நேரம் உடம்பில் போதிய நீர் இல்லாவிட்டால் நிலைமை இன்னும் கெட்டுவிடும். ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவர் நாளொன்றுக்கு இரண்டரை லீட்டர் அளவில் குடிக்க வேண்டும் என்பார்கள். வெறும் தண்ணீர் மட்டும் போதாது. கஞ்சி, இளநீர், ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சீனிப் பொடி) என்று உப்பும் சீனியும் உள்ளே போக வேண்டும். மூன்று நாள் உபவாசத்துக்கு இதைவிட மோசமான நோய் ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஞாயிறு

காலை ஆராதனையில் அவர் சாட்சி சொன்னார். மைக்கைப் பிடித்த கை நடுங்கியது, உதடு வெளிறியிருந்தது, ஆனால் எல்லாரும் அதை உணர்ச்சி மிகுதி என்றே எடுத்துக்கொண்டார்கள். பாதியில் உட்கார்ந்துவிட்டார். சபை கைதட்டியது.

மத்தியானம் வயிற்றுவலி. இரண்டு தடவை வாந்தி. நான்கு மணிபோல அவருடைய மூத்த மகன் என் வீட்டுக் கதவைத் தட்டி, “அன்ட்டி, அம்மாட கை கால் ஐஸ் மாதிரி இருக்கு” என்றான். போய்ப் பார்த்தபோது பேச்சு சரியாகத்தான் இருந்தது. நாடி மட்டும் நூல்போல வேகமாக ஓடியது. காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. பிரஷர் 95-க்கு 80. மேல் எண் மோசமில்லையே என்று தோன்றும். இரண்டுக்கும் இடைவெளி 20-க்குக் கீழே வந்தால் அது அதிர்ச்சி நிலை. இங்கே 15.

மேசையில் அந்த மாத்திரை அட்டைகள் கிடந்தன. இரண்டிலும் ஒரு குளிசைகூட உடைக்கப்படவில்லை. பனடோல் எடுத்திருந்தால் ஒரு பாதகமும் இல்லை. ஆனால் டைக்ளோஃபெனாக் டெங்கு நோயாளிக்குப் போகக் கூடாத மருந்து. வயிற்றில் இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும். ‘ஆண்டவர் பார்த்துக்கொள்வார்’ என்று மருந்தை ஒதுக்கியதால்தான் அதிலிருந்து தப்பினார் என்பதையும் நேர்மையாக எழுதத்தான் வேண்டும்.

போதகருக்குச் சொல்லி அனுப்பினோம். வேனோடு வந்துவிட்டார். வீட்டுக்குள் வந்ததும் வழக்கம்போல முழங்கால் போடப் பார்த்தார்.

“வண்டிக்குள்ள ஜெபிங்க பாஸ்டர். வண்டி ஓடட்டும்” என்றேன்.

ஒரு நொடி என்னைப் பார்த்தார். “சரி அக்கா” என்று அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். வழியெல்லாம் ஓட்டிக்கொண்டே சத்தமாக ஜெபித்தார். எனக்கு அது நிம்மதியாகவும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

வைத்தியசாலையில் எடுத்த முதல் ரிப்போர்ட்டில் பிளேட்லெட் 22,000. இரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று காட்டும் பி.சி.வி. 52. நேரே அதிதீவிரக் கண்காணிப்பு அறைக்கு எடுத்தார்கள். இரண்டு இரவு மணிக்கு மணி சேலைனைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துக்கொண்டார்கள். குறைவாகப் போனால் அழுத்தம் விழும். கூடிப்போனால் கசிவு நிற்கும்போது நுரையீரல் நிரம்பும். அந்த வாட்டின் தாதிகளுக்கு அந்த மாதத்தில் இது கைவந்த வேலையாகியிருந்தது. ஆறாம் நாள் வீடு திரும்பினார்.

தாமதம் எங்கே நேர்ந்தது

பிறகு அவரோடு ஆறுதலாகப் பேசினேன். “ஆஸ்பத்திரி வேணாம்னு இல்லக்கா. போனா நாள் முழுக்க கியூ. அடுத்த நாளும் வாங்கம்பாங்க. கடையில லீவு கேட்டா வேற ஆள் போட்டுருவாங்க. பிள்ளைகள யாரு பாக்குறது? ஜெபம்னா வீட்டுக்கே வர்றாங்க இல்ல.”

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் போதகரிடம் அப்படியே சொன்னேன். அவரை மிகவும் பாதித்தது அதுதான். பெரிய வைத்தியசாலை, தனியார் ஆய்வுகூடம், மாநகர சபை டிஸ்பென்சரி என்று எல்லாம் ஓட்டோ தூரத்தில் இருந்தும், காய்ச்சல் கண்ட இரண்டாம் நாளே அந்த வீட்டுப் படி ஏறியது சபை மட்டும்தான். படி ஏறியவர்கள், காய்ச்சல் எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்று இரண்டு கேள்விகளைக் கேட்டிருந்தால் போதும்.

இன்னொன்று சாட்சி. சாட்சி சொல்லும் வழக்கத்தில் காய்ச்சல் விட்ட நேரமே சுகமான நேரம். சனி இரவு விட்டால் ஞாயிறு சொல்ல வேண்டும். அதை ஒரு வாரம் தள்ளிவைப்பது நன்றிகெட்ட தனம்போல ஆகிவிடும். சாட்சி சொன்ன பிறகு வயிறு வலித்தால், அதை வெளியே சொல்லக் கூச்சம். அவர் மத்தியானம் முழுக்க யாருக்கும் சொல்லாமல் படுத்திருந்ததற்குக் காரணம் அதுதான். ‘விசுவாசம் இல்லையா?’ என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்பார்களோ என்ற பயம் மட்டும் போதுமாக இருந்தது.

போதகரின் முடிவு

அந்த வாரமே மூப்பர்களைக் கூட்டினார். என்னையும் கூப்பிட்டார். டெங்குவின் நாட்கணக்கை ஒரு தாளில் வரைந்து காட்டினேன், அவ்வளவுதான். முடிவு என்னுடையது அல்ல. நானாக இருந்தால் உபவாசத்தையும் எண்ணெயையும் கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அவர் லேவியராகமம் பதின்மூன்றாம் அதிகாரத்தை எடுத்தார். தோல் நோய் என்று சந்தேகப்படுகிறவனை ஆசாரியன் ஏழு நாள் தனியே வைக்கிறான், ஏழாம் நாள் மறுபடி பார்க்கிறான், தேவையென்றால் இன்னும் ஏழு நாள். பிறகு லூக்கா பதினேழு. பத்துக் குஷ்டரோகிகளை இயேசு ஆசாரியர்களிடம் போய்க் காட்டச் சொல்கிறார். “சுகமாக்குறவரே போய்க் காட்டுன்னு அனுப்புறாரு. நாம எதுக்கு அவசரப்படணும்?” என்றார்.

அதிலிருந்து காய்ச்சல் சாட்சிக்கு ஒரு முறை வந்தது: காய்ச்சல் தொடங்கி ஏழு நாள் கடக்க வேண்டும், அடுத்தடுத்து இரண்டு ரிப்போர்ட்டில் பிளேட்லெட் ஏறியிருக்க வேண்டும், அதன் பிறகு சாட்சி. நோயாளி உபவாசம் இருக்கக் கூடாது, மற்றவர்கள் அவருக்காக இருக்கலாம். இருப்பவர்கள் மிச்சப்படும் சாப்பாட்டுக் காசை ஒரு தகரப் பெட்டியில் போடுவார்கள். அது நோயாளிக்கு இளநீர் வாங்கவும் மூன்றாம் நாளிலிருந்து தினமும் இரத்தம் பார்க்கவும். எண்ணெய் பூசப் போகிற மூப்பர் ஒரு சிறு நோட்டும் கொண்டுபோவார். எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்று கேட்டு எழுதிவிட்டுத்தான் ஜெபம். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, எங்காவது இரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு இவற்றில் ஒன்று இருந்தாலும் வேன் உடனே வரும். நோயாளி ஆஸ்பத்திரியில் இருக்கும்போது பிள்ளைகளைப் பார்க்க மாதர் சங்கத்தில் முறை வைத்தார்கள்.

இந்தக் கடைசி ஏற்பாடுதான் எல்லாவற்றையும்விட ஆட்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது என்பது என் கணிப்பு. பிள்ளைகளுக்கு ஆள் இருந்தால் தாய்மார் போகிறார்கள்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஒரு மூதாட்டி கூட்டத்திலேயே எழுந்து, “ரிப்போர்ட் பாத்துத்தான் கர்த்தர் சுகம் குடுப்பாரா பாஸ்டர்?” என்று கேட்டார். “அவர் குடுத்தாச்சு அம்மா. நமக்குத் தெரியறதுக்குத்தான் ரிப்போர்ட்” என்று அவர் சொன்னது எல்லாருக்கும் ஒப்பவில்லை. இரண்டு குடும்பங்கள் வேறு சபைக்குப் போய்விட்டன. அதில் ஒன்று இன்றுவரை திரும்பவில்லை.

தொட்டி

ஜூலை முதல் வாரத்தில் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தார். தோட்டத்தில் பல வீடுகளில் காய்ச்சல் என்பதால் சுற்றுவட்டாரம் முழுக்கச் சோதனை. சபை வளவில் கூரைப் பீலியைப் பார்த்தார், பின்னால் கிடந்த பழைய டயரைப் பார்த்தார், ஒன்றுமில்லை. கடைசியில் மண்டபத்தின் பின்புறம் பலகை போட்டு மூடியிருந்த ஞானஸ்நானத் தொட்டியைத் திறக்கச் சொன்னார். ஈஸ்டர் சமயத்து ஞானஸ்நானத்துக்குப் பிறகு முழுதாக வடிக்காமல் விட்டிருந்தார்கள். மழைநீர் பலகை இடுக்கால் இறங்கி முழங்கால் உயரத்துக்கு நின்றது. கரண்டியில் அள்ளியபோது தலைகீழாகத் தொங்கித் துள்ளும் குடம்பிகள் கண்ணுக்கே தெரிந்தன.

டெங்கு நுளம்புக்குச் சாக்கடை வேண்டாம், தெளிந்த தண்ணீர்தான் வேண்டும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். அந்தத் தண்ணீர் இங்கே இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. 2007-ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டப்படி வழக்குப் போடலாம். பி.எச்.ஐ. அறிவித்தல் கொடுத்து, திரும்ப வந்து பார்ப்பதாகச் சொல்லிப் போனார்.

வாலிபர்கள் அன்றே வடித்தார்கள். வடித்தால் மட்டும் போதாது. முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு ஈரமில்லாமலே பல மாதம் கிடக்கும், அடுத்த மழையில் பொரிக்கும். அதனால் தேங்காய்த் தும்பும் பிரஷும் வைத்துச் சுவரைத் தேய்த்துக் கழுவினார்கள். போதகரும் தொட்டிக்குள் இறங்கித் தேய்த்தார். எங்கள் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது! எங்கள் பங்கில் மாதா கெபியின் பூச்சாடிகளை அந்த வாரம் நான் போய்க் கவிழ்த்தேன், ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் புழு.

1697-ல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, வீட்டார் காட்டில் கொண்டுபோய் விட்டுவிட்ட நோயாளிகளைத் தேடிப் போய்க் கழுவித் துடைத்துக் கஞ்சி கொடுத்தவர் யோசப் வாஸ் அடிகளார். 2015 ஜனவரியில் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது நானும் கூட்டத்தில் நின்றேன். அவருடைய படம் எங்கள் பங்கில் பல வீடுகளில் தொங்குகிறது. ஆனால் அவர் செய்த வேலைக்கு மிக அருகில் அந்த ஜூலையில் நான் பார்த்தது, படம் எதுவும் மாட்டாத இந்தச் சபையின் பெண்கள் வாட்டில் அடுத்த கட்டில்காரருக்கும் சேர்த்துக் கஞ்சி கொண்டுபோனதை. அடுத்த கட்டிலில் இந்துக்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். யாரும் துண்டுப்பிரசுரம் கொடுக்கவில்லை. அதையும் கவனித்தேன்.

தொடர்ந்து நடந்தவை

நோட்டில் பெயர் எழுதப்பட்டவர்களில் ஒருவரைத் தவிர எல்லாரும் தேறினார்கள். அந்த ஒருவர் அறுபது தாண்டிய மூப்பர், சர்க்கரை நோயாளி. இரண்டாம் நாளே சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் இரத்தம் பார்த்தார், நான்காம் நாள் அனுமதிக்கப்பட்டார். சொன்ன எல்லாவற்றையும் செய்தார். ஆறாம் நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இறந்துபோனார்.

சபை ஆடிப்போனது. தாமதித்த பெண் பிழைத்தார், நேரத்தோடு போன மூப்பர் பிழைக்கவில்லை. ‘பார்த்தீர்களா?’ என்று இரண்டு பக்கத்திலிருந்தும் பேச்சு எழுந்தது. சபையை விட்டுப் போனவர்கள் சிலர், மருந்தை நம்பியதால் வந்த வினை என்றார்கள். எங்கள் தெருவில் சிலர், ஜெபம் என்ன செய்தது என்று கேட்டார்கள். வயதும் சர்க்கரையும் இருக்கிறவர்களுக்கு டெங்கு பல மடங்கு ஆபத்து. நேரத்தோடு போவது வாய்ப்பைக் கூட்டும், உத்தரவாதம் தராது. இரண்டு பேரின் கதையை எதிரெதிரே வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று வாட்டில் வேலை செய்த யாருக்கும் தெரியும். துக்க வீட்டில் அதைச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

அடக்க ஆராதனையில் போதகர் காரணம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு சாட்சி முறையை மாற்றுவாரோ என்று சிலர் எதிர்பார்த்தார்கள். மாற்றவில்லை. அந்தப் பெண் ஏழு நாளும் இரண்டு ரிப்போர்ட்டும் தாண்டி எழுந்து, முதல் சாட்சியைத் திருத்திச் சொன்னார். அன்று தான் வயிற்றுவலியை மறைத்ததையும் சேர்த்தே சொன்னார்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்கு ஊரடங்கு வந்தபோது சபை ஆராதனையை உடனே நிறுத்தியது. அதே மாதம் யாழ்ப்பாணம் அரியாலையில் நடந்த ஓர் ஆராதனையிலிருந்து தொற்றுப் பரவிய செய்தி எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் எங்கள் பகுதிகள் வாரக்கணக்கில் தனிமைப்படுத்தப்பட்டபோது, நோட்டு எழுதிய அதே ஆட்கள்தான் உலர் உணவுப் பொதிகளுக்குக் கணக்கு எழுதினார்கள். வீடுகள் ஏற்கெனவே பழக்கம் என்பதால் வேலை சுலபமாக இருந்தது.

மறுபடி செய்வதானால்

ஃபார்மசிகளோடு பேசியிருக்க வேண்டும் என்பது போதகரும் நானும் ஒத்துப்போகிற இடம். காய்ச்சல் என்று சொல்லிக் கேட்கிறவருக்கு வலி மாத்திரையை எடுத்து நீட்டுவது இன்றும் நிற்கவில்லை. மூப்பர்கள் கைநோட்டின் அட்டையில் அந்த மருந்துகளின் பெயர்களை இப்போது ஒட்டி வைத்திருக்கிறார்கள், அதை 2017-லேயே செய்திருக்கலாம்.

சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் விஷயத்தில் மூன்றாம் நாள் வரை காத்திருக்கும் முறையே தவறு. காய்ச்சல் கண்ட அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும். மூப்பரின் மரணத்துக்குப் பிறகு அப்படித் திருத்தினார்கள்.

ஒத்துப்போகாத இடம் எண்ணெய். கூட்டமாகப் போய் நோயாளியைச் சுற்றி நின்று ஜெபிப்பது டெங்குவில் பரவாயில்லை, அது ஆளுக்கு ஆள் ஒட்டாது. மூச்சுக்காற்றால் பரவும் நோயில் அதே பழக்கம் ஆபத்து. ஒருவர் மட்டும் போகட்டும், மற்றவர்கள் வாசலில் நிற்கட்டும் என்று நிரந்தர முறையாகவே வைக்கச் சொல்கிறேன். நோய்க்குத் தகுந்தபடி பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் அவர். என்ன நோய் என்று முதல் நாளில் யாருக்குத் தெரியும் என்று கேட்டிருக்கிறேன். மூப்பர்கள் கூட்டத்தில் வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.